கிளீனப் 0 போட்டால் கடைசிக் காப்பி தங்குமா? "கண்ணை மூடிக்கிட்டு செய்யலாம்" என்றவருக்கு

ஜெலுத்தோங்காரன்:
பேக்கப் டிஸ்க் நிறைஞ்சுபோச்சுன்னு ஒருத்தர் கேட்டதுக்கு பிரிக்பீல்ட்ஸ் ஆல்பம் நேத்து கொடுத்த பதில்: "விண்டோஸ் ஃபைல் ஹிஸ்டரிதானே? கிளீனப் 0 போடுங்க. எல்லா ஃபைலோட கடைசிக் காப்பியும் பத்திரமா இருக்கும், கண்ணை மூடிக்கிட்டு செய்யலாம்."

ஃபைல் ஹிஸ்டரி என்பது நம்ம ஃபைல்களை வேறு டிஸ்க்கில் அவ்வப்போது காப்பி எடுத்து வைக்கும் விண்டோஸ் வசதி. கிளீனப் என்பது அதில் பழைய காப்பிகளை அழிக்கும் கட்டளை, பின்னால் வரும் எண் எத்தனை நாள் பழையதை அழிக்கணும் என்பது. இவர் சொன்ன மாதிரி எல்லா ஃபைலும் இல்லை. இப்போது ஃபைல் ஹிஸ்டரி லிஸ்ட்டில், அதாவது காப்பி எடுக்க வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியலில், இருக்கிற ஃபோல்டர்களுக்கு மட்டும்தான் கடைசிக் காப்பி தங்கும். லிஸ்ட்டிலிருந்து எடுத்த ஃபோல்டர் என்றால் கடைசிக் காப்பியும் சேர்ந்தே போகும். அந்தக் கட்டளைக்கு மைக்ரோசாஃப்ட் எழுதிய விளக்கத்திலேயே இது இருக்கு. ஒரு காப்பி அழிய இரண்டு நிபந்தனை: நீங்கள் சொன்ன நாளைவிட அது பழையதாக இருக்கணும், கூடவே, அதே ஃபைலுக்குப் புதுக் காப்பி இருக்கணும், இல்லாட்டி அந்த ஃபைல் லிஸ்ட்டில் இல்லாததா இருக்கணும். 0 போட்டால் முதல் நிபந்தனை எல்லாத்துக்கும் பொருந்திவிடும். கண்ணை மூடிக்கிட்டு செய்கிற வேலையா இது?

பிரிக்பீல்ட்ஸ் ஆல்பம்:
அண்ணே, கன்ட்ரோல் பேனலைத் திறங்க. ஃபைல் ஹிஸ்டரி, இடது பக்கம் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதுக்குள்ள கிளீன் அப் வெர்ஷன்ஸ். ஒரு மாசம், மூணு மாசம், ஒரு வருஷம்னு வரிசையா இருக்கும். அதுல ஒண்ணு, கடைசி வெர்ஷன் தவிர மத்ததெல்லாம். அதுதான் 0. கடைசிக் காப்பி போகாது. மெனுவே சொல்லுது, நான் சொல்லல.

ஜெலுத்தோங்காரன்:
மெனு ஒரு வரியில் சொல்லும். அந்த வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறதுன்னு தெரிஞ்சவன்தான் அடுத்தவனுக்குச் சொல்லணும். லிஸ்ட்டில் இல்லாத ஃபோல்டருக்குக் கடைசிக் காப்பி கிடையாது.

செந்தூல் அக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. கேட்டவருக்கு இடம் வேணும், அவ்வளவுதான். எக்ஸ்ப்ளோரரைத் திறந்து டிஸ்க்ல இருக்கிற ஃபைல்ஹிஸ்டரி ஃபோல்டருக்குள்ள போய் பழசையெல்லாம் டிலீட் பண்ணச் சொல்லுங்க. எல்லாம் சாதாரண ஃபைல்தான், ஜிப்கூட இல்ல.

ஜெலுத்தோங்காரன்:
அக்கா, தயவுசெய்து அதை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. சாதாரண ஃபைல்தான், ஆனா எதெது சேமிக்கப்பட்டதுன்னு ஒரு கேட்டலாக், அதாவது பதிவேடு, தனியா இருக்கு. கேட்டலாக்1, கேட்டலாக்2ன்னு இடிபி (டேட்டாபேஸ்) ஃபைல்கள், டிஸ்க்கில் கான்ஃபிகரேஷன் ஃபோல்டருக்குள்ளே. கையால் அழித்தால் கேட்டலாக்குக்கு அது தெரியாது. ரீஸ்டோர் திரையில் ஃபைல் பேர் நிற்கும், அமுக்கினால் வராது. அதைவிட மோசம், கடைசிக் காப்பியைத் தெரியாமல் அழித்துவிட்டால், மூல ஃபைல் மாறாத வரைக்கும் ஃபைல் ஹிஸ்டரி அதை மறுபடியும் எடுக்காது. ஏற்கெனவே எடுத்தாச்சுன்னு கேட்டலாக்கில் இருக்கே. பேக்கப் ஓடுது, பச்சை விளக்கு எரியுது, அந்த ஃபைலுக்கு மட்டும் காப்பியே இல்லை.

இன்னொன்று. வெளி ஹார்ட்டிஸ்க்கில் சும்மா டிலீட் கொடுத்தால் அதே டிஸ்க்கின் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். ஒரு எம்பிகூடக் காலியாகாது.

செந்தூல் அக்கா:
ஷிஃப்ட்டை அமுக்கிட்டு டிலீட் பண்ணத் தெரியாதவங்க இங்க யாரும் இல்ல தம்பி.

பிரிக்பீல்ட்ஸ் ஆல்பம்:
அக்கா சொன்ன வழியைவிட நான் சொன்னது எவ்வளவோ மேல்னு இப்ப அண்ணனே ஒத்துக்கிட்டாரு. கடைசிக் காப்பி போகாது.

ஜெலுத்தோங்காரன்:
நான் எதையும் ஒத்துக்கவில்லை. அக்கா வழி தப்பு என்றால் உங்கள் வழி சரின்னு ஆகாது.

விண்டோஸ் 11-ஐ எடுத்துக்குங்க. செட்டிங்ஸில் ஃபோல்டர் சேர்க்க இருந்த பக்கத்தையே எடுத்துட்டாங்க. இப்போது லிஸ்ட் என்பது பெரும்பாலும் லைப்ரரிதான், அதாவது பல ஃபோல்டர்களை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் விண்டோஸ் தொகுப்பு. ஒரு ஃபோல்டரைச் சேர்க்கணும்னா லைப்ரரியில் சேர்க்கணும். லைப்ரரி கசகசன்னு இருக்குன்னு ஒருத்தர் 2019 கல்யாண ஆல்பம் ஃபோல்டரை அதிலிருந்து எடுத்துவிட்டார்னு வைங்க. அந்த ஃபோல்டர் இப்போது லிஸ்ட்டில் இல்லை. அடுத்து இவர் பேச்சைக் கேட்டு 0. என்ன மிஞ்சும்?

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இன்னொரு குழி. டாக்குமென்ட்ஸை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டால் பாதையே மாறிடும், பழைய பாதையின் காப்பிகள் டிஸ்க்கில் தனியாகக் கிடக்கும். 0 போடுவதற்கு முன்னாடி அந்தப் பழைய பாதையைத் திறந்து பாருங்க. கேட்டவரிடம் இதில் ஒன்றாவது விசாரித்தீர்களா?

பாயான் லெப்பாஸ் 11900:
மேக் வாங்கியிருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. அதுல இருக்கிற பேக்கப் வசதி டைம் மெஷின் பழசைத் தானா கழிச்சுக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் ஆல்பம்:
வந்துட்டாரு. போன வாரம் பார்ட்டிஷன் பேச்சிலயும் இதேதான் சொன்னீங்க.

ஜெலுத்தோங்காரன்:
மேக்கிலும் டிஸ்க் நிறையும். வெளி டிஸ்க் மாட்டாத நேரத்திலும் உள் டிஸ்க்கிலேயே லோக்கல் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க் நிலையின் பதிவு) எடுக்கும், மணிக்கு ஒன்று, பொதுவாக 24 மணி நேரம் வைத்திருக்கும். 50 ஜிபி வீடியோவை அழித்தும் இடம் கூடலையேன்னு மேக் ஆட்கள் கேட்பது இதனால்தான். அழித்த ஃபைலை ஸ்னாப்ஷாட் பிடித்துவைத்திருக்கும். டெர்மினலில் டிஎம்யூட்டில் என்ற டைம் மெஷின் கட்டளையை வைத்துப் பட்டியல் போட்டு, தேதி சொல்லி அழிக்கலாம். அதைப் பேசணும்னா தனியாகத் திறங்க. இங்கே பேச்சு கிளீனப் 0.

பாயான் லெப்பாஸ் 11900:
24 மணி நேரத்துல தானா போயிடும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு டெர்மினல்?

லோயாட் பக்கம்:
எனக்கு ஒரு சந்தேகம். ஃபைல் பேர் பின்னாடி அடைப்புக்குள்ள தேதியும் நேரமும் வருதே, அது தப்பா இருக்கு. மத்தியானம் 1:40-க்கு சேவ் பண்ணது 05_40-ன்னு நிக்குது. டிஸ்க் கெட்டுப்போச்சா?

ஜெலுத்தோங்காரன்:
கெடவில்லை. நேரத்துக்குப் பக்கத்திலேயே யூடிசின்னு, அதாவது உலகப் பொது நேரம்னு, போட்டிருக்கும் பாருங்க. நம்ம மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் கூடுதல். காலை 8 மணிக்கு முன்னாடி சேவ் செய்ததெல்லாம் முந்தின நாள் தேதியில் நிற்கும். பேரைப் பார்த்துக் கையால் அழிக்கிறவர்கள் ஒரு நாள் தப்பி அழிப்பது இதனால்தான். அக்கா கவனிக்கணும்.

செந்தூல் அக்கா:
என்னை ஏன் இழுக்கிறீங்க? பினாங்குத் தீவுக்காரங்களுக்கு மட்டும்தான் கம்ப்யூட்டர் தெரியும்னு ஒரு நினைப்பு.

பிரிக்பீல்ட்ஸ் ஆல்பம்:
அதேதான் அக்கா. நம்ம கோலாலம்பூர் ஆளுங்க ஒரு வரி எழுதுனா பத்து வரியில திருத்த வந்துடுவாரு. எட்டு மணி நேரக் கணக்கெல்லாம் சரி, கடைசிக் காப்பி போகாதுன்னு நான் சொன்னதுக்கு என்ன பதில்?

ஜெலுத்தோங்காரன்:
பதில் மேலே இரண்டு முறை இருக்கு. லிஸ்ட்டில் இல்லாவிட்டால் போகும்.

கேட்டவருக்காக, முறையாக எழுதுகிறேன். முதலில் எது இடத்தை அடைக்குதுன்னு பாருங்க. இடத்தை அளக்கும் விஸ்ட்ரீ மென்பொருள் இருந்தால் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான வடிவம்) டிஸ்க்கைச் சட்டென்று அளந்து காட்டிவிடும். ஃபைல் ஹிஸ்டரி மாறிய பகுதியை மட்டும் எடுக்காது, ஃபைலை முழுசாக எடுக்கும். 800 எம்பி பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் ஃபைல்) ஒன்று, ஒவ்வொரு மணி நேரமும் சேவ் ஆகிறது, ஒன்பது மணி நேர வேலை: ஒரு நாளைக்கு 7.2 ஜிபி. அப்படிப் பத்து ஃபைலில் வேலை நடந்தால் 72. ஒரு டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். பதின்மூன்று நாளில் முடிந்தது. ஆல்பம் போடுகிறவர்களுக்கு டிஸ்க் நிறைவதற்குக் காரணம் இது. வைரஸ் இல்லை.

ஆகவே முதலில் எவ்வளவு நாள் வைக்கணும் என்பதை மாற்றுங்க. முன்னிருப்பாக என்றைக்கும் வைத்திருக்கும். இடம் தேவைப்படும் வரை அல்லது மூன்று மாதம் என்று வையுங்க. மணிக்கு ஒரு முறை என்பதை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாக்குங்க. டவுன்லோடு, ரெண்டர் குப்பை ஃபோல்டர்களை எக்ஸ்குளூடில் (காப்பி எடுக்க வேண்டாம் என்ற பட்டியலில்) போடலாம், அங்கே வேண்டியது எதுவும் இல்லை என்று உறுதியானால் மட்டும், ஏன்னா எக்ஸ்குளூட் செய்ததும் லிஸ்ட்டில் இல்லாததுதான். அதற்குப் பிறகு கிளீன் அப் வெர்ஷன்ஸில் ஒரு வருஷம். போதாவிட்டால் ஆறு மாதம். 0 கடைசி. அதற்கு முன்னால் லிஸ்ட்டில் இல்லாத பழைய ஃபோல்டர்களை டிஸ்க்கிலிருந்து வேறு இடத்துக்குக் காப்பி எடுத்துவிடணும்.

கட்டளையாகப் போடுகிறவர்கள் அவரவர் கணக்கிலேயே போடுங்க. ஃபைல் ஹிஸ்டரி அமைப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனி. வேறு அட்மின் கணக்கில் ஓட்டினால் உங்கள் காப்பியைத் தொடாது, அப்புறம் கட்டளை வேலை செய்யலைன்னு சொல்வீங்க. டிஸ்க்கும் மாட்டியிருக்கணும்.

லோயாட் பக்கம்:
சி டிரைவ்லயும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் 60 ஜிபி இருக்கே, அதுவும் கிளீனப் 0-ல போயிடுமா?

ஜெலுத்தோங்காரன்:
போகாது. அது விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப வைத்திருக்கும் ரீஸ்டோர் பாயிண்ட், ஷேடோ காப்பி, வேறு சமாசாரம். சிஸ்டம் ப்ரொடெக்ஷனில் கான்ஃபிகர், அங்கே மேக்ஸ் யூசேஜ் கோட்டைக் குறைத்தால் பழசிலிருந்து கழியும். இரண்டையும் குழப்பாதீங்க.

பிரிக்பீல்ட்ஸ் ஆல்பம்:
இவ்வளவு எழுதுறதுக்குப் பதிலா இன்னும் கொஞ்சம் காசு போட்டு 4 டிபி வாங்கச் சொல்லிடலாம்.

ஜெலுத்தோங்காரன்:
அதே 72 ஜிபி கணக்கில் 4 டிபி இரண்டு மாதத்துக்குள் நிறையும். அப்போது மறுபடி 0 போடச் சொல்வீங்களா?

பிரிக்பீல்ட்ஸ் ஆல்பம்:
சொல்வேன். லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்கன்னா அவங்களுக்கு அது வேண்டாம்னுதானே அர்த்தம்? வேண்டாத ஃபோல்டர் போனா என்ன நஷ்டம்? வேணுங்கிற ஃபோல்டர்ல கடைசிக் காப்பி போகாது.

ஜெலுத்தோங்காரன்:
இதோ, பேச்சு மாறிவிட்டது. நேற்று "எல்லா ஃபைலோட கடைசிக் காப்பியும்". இன்றைக்கு "வேணுங்கிற ஃபோல்டர்". நேற்று எழுதியதைத் திருத்துங்க, நான் பேசாமல் போகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ஆல்பம்:
திருத்த ஒண்ணும் இல்ல.

பாயான் லெப்பாஸ் 11900:
லிஸ்ட்ல இருக்கிற ஃபோல்டர்தான், ஆனா ஃபைலை மட்டும் மூலத்துல டிலீட் பண்ணிட்டோம். அதோட கடைசிக் காப்பி 0-ல தங்குமா போகுமா? இதுக்கு யாராவது நேரா பதில் சொல்லுங்க.

செந்தூல் அக்கா:
மேக்காரருக்கு இந்தக் கவலை எதுக்கு?

ஜெலுத்தோங்காரன்:
பிரிக்பீல்ட்ஸ் தம்பி, "எல்லா ஃபைலும்" என்ற அந்த இரண்டு சொல் இன்னும் அங்கேயே நிற்கிறது. கேட்டவர் இன்னும் பதில் போடவில்லை. அவர் 0 போட்டாரா இல்லையா என்று முதலில் கேளுங்க. போடவில்லை என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்க.

பிரிக்பீல்ட்ஸ் ஆல்பம்:
நீங்களே கேட்டுக்குங்க அண்ணே. கடைசிக் காப்பி போகாது.