டர்போ ஹோஸ் கழன்றால் டர்போவையே மாத்தணுமா?

கேள்வி: டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற பாகம்) உள்ள டீசல் பிக்கப். புளியரை ஏத்தத்துல மிதிச்சதும் 'புஸ்'ஸுனு சத்தம், கரும்புகை, இழுவை போச்சு. இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர்விக்கிற பாகம்) ஹோஸ் கழன்று கிடக்கு, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. மெக்கானிக் டர்போவையே மாத்தணும்ங்கிறார். சரியா அண்ணாச்சி?

பதில் 1: அவசரப்படாதீங்க தம்பி. லேசான எண்ணெய்ப் படலம் பிரீதர் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை வெளியே விடுற குழாய்) வழியா வர்றதுதான். இன்ஜின் ஆறினதும் ஏர் ஃபில்டர் பக்க ஹோஸைக் கழற்றி, டர்போ ஷாஃப்டை விரலால ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, பிளேடு கூட்டுல உரசினாலோதான் டர்போ வேலை.

பதில் 2: ஹோஸ் நுனி, குழாய் ரெண்டையும் பிரேக் கிளீனரால துடைச்சுக் காயவிடுங்க. எண்ணெய் இருந்தா பூஸ்ட்டுல, அதாவது டர்போ தர்ற காத்தழுத்தத்துல, மறுபடி வழுக்கும். கிளாம்ப் (ஹோஸை இறுக்குற வளையம்) குழாய் நுனியில புடைச்சிருக்கிற மேட்டுக்குப் பின்னால உட்காரணும். மேட்டு மேலேயே இறுக்கினா நிக்காது. டி-போல்ட் கிளாம்ப் (போல்ட் நட்டு வச்சு இறுக்குற வகை) நல்லது. ரப்பர் உப்பியிருந்தா ஹோஸும் புதுசு.

பதில் 3: ஹோஸுக்கு உள்ளே சிலிகான் பசை தடவ விடாதீங்க. பிய்ஞ்ச துணுக்கு இன்ஜினுக்குள்ள போகும்.