"ஆராதனை முடிந்துவிட்டது" என்று சொல்லலாமா?

அத்திமரத்தடி எழுதியது:
கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு வணக்கம். "ஆராதனை முடிந்துவிட்டது" என்று ஞாயிறுதோறும் சொல்லிவிட்டுக் கலைந்து போகிறோம். அந்தப் பேச்சு நெடுநாளாக என்னை உறுத்துகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12:1இல் அப்போஸ்தலர் பவுல், நம் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதையே "புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். அங்கே அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'லத்ரேயா'. இஸ்ரவேலரின் தேவாராதனையைக் குறிக்க அதே நிருபத்தின் 9:4இலும் அச்சொல்லே வருகிறது. ஆலயத்துக்குரிய அந்தச் சொல்லை எடுத்து அவர் அன்றாட வாழ்வின்மேல் வைத்துவிட்டார். அதன் பின் அந்த அதிகாரம் உபசரித்தல், அழுகிறவர்களுடன் அழுதல், பசித்த பகைவனுக்கு உணவளித்தல் என்றே செல்கிறது; பாட்டைப் பற்றியோ கட்டடத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஞாயிறு கூடுகைக்கே அந்தப் பெயரை முழுவதுமாகக் கொடுத்துவிட்டதால்தான், கடன்பட்ட ஏழையை வாரமெல்லாம் நெருக்குகிறவரும் முன்வரிசையில் கைகளை உயர்த்தி நிற்க முடிகிறது என்று நான் நம்புகிறேன்.

திண்ணைவாசகர் எழுதியது:
சகோதரரே, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை. எல்லாமே ஆராதனை என்று சொல்லத் தொடங்கினால், விரைவில் எதுவுமே ஆராதனையாக இராது. "என் வேலையே என் ஜெபம்" என்று சொல்லிச் சொல்லியே ஜெபிப்பதை விட்டுவிட்டவன் நான். ஏழு ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. நேர்மையாகத்தான் உழைத்தேன், யாரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் அந்த உழைப்பின் நடுவே தேவனை நினைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் "ஆவியோடும் உண்மையோடும்" தொழுதுகொள்வதைப் பற்றிப் பேசும்போது, அங்கே வரும் சொல்லுக்குப் பணிந்து விழுதல் என்றே பொருள். தம் அன்றாட வாழ்வில் ஒரு குறையும் இல்லாத அவரே, "தம்முடைய வழக்கத்தின்படியே" ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா 4:16 கூறுகிறது. பெத்தானியாவில் மரியாள் இயேசுவின் பாதங்களில் விலையுயர்ந்த தைலத்தை ஊற்றியபோது, அதை 300 பணத்துக்கு விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். கர்த்தரோ மரியாளைத் தாங்கிப் பேசினார்.

அத்திமரத்தடி எழுதியது:
மரியாளைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் எளிய மறுமொழி இல்லை. ஆனாலும் "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று ஆமோஸ் 5:23இல் சொல்கிறவரும் அதே கர்த்தர்தாம். கொரிந்து சபையார் கூடித்தான் வந்தார்கள். ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் வெறித்திருந்ததால், அது அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தாகிய கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்றார் பவுல். மத்தேயு 5:24இல் ஆண்டவர், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார். தொழுகையைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

திண்ணைவாசகர் எழுதியது:
அந்த வசனத்தை இறுதிவரை வாசியுங்கள், சகோதரரே: "பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து."

பெத்தானியாள் எழுதியது:
இருவரும் எழுதியதை நள்ளிரவில் அம்மாவின் கட்டிலருகே அமர்ந்து வாசித்தேன். அவர் படுக்கையில் விழுந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முழங்கை மடிப்பிலிருந்து விரலிடுக்குவரை துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுக்கிறேன். இதுவே ஆராதனை என்று யாராவது சொன்னால், பல இரவுகளில் முணுமுணுப்போடு அதைச் செய்கிற எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் பெயரையும் மறந்துபோன அம்மா, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று நான் தொடங்கினால், "நான் தாழ்ச்சியடையேன்" என்று தாமாகவே முடிக்கிறார். ஐம்பது ஆண்டுகள் சபையாரோடு சேர்ந்து சொல்லிச் சொல்லி அவர் நாவில் ஊறிய வரி அது. ஆகவே திண்ணைவாசகர் ஐயா கூடிவருதலைப் பற்றிச் சொல்வதை என்னால் மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பதினான்கு மாதங்களில், அதே சபையிலிருந்து திருவிருந்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறியவர் ஒருவரும் இல்லை. நேரலையில் அப்பம் பிட்கப்படும்போது நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

திண்ணைவாசகர் எழுதியது:
சகோதரி, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். 2ஆம் நூற்றாண்டின் நடுவில், இரத்தசாட்சியான ஜஸ்டின், ரோமப் பேரரசனுக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஞாயிறு கூடுகையை விவரிக்கிறார். வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் திராட்சரசமும் என்று வரிசையாகச் சொல்லி, வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்ததையும், சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருந்தோருக்கும் போனதையும் குறிப்பிடுகிறார். கூடிவருதலுக்குச் சான்றாகவே இதை எழுத வைத்திருந்தேன். இப்போது அதன் பிற்பாதி என்னையே கேள்வி கேட்கிறது. எங்கள் சபையிலும் படுக்கையில் இருப்போர் உண்டு. மூப்பர் குழுவில் இருக்கும் நான் அவர்களைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று நினைவில் இல்லை.

அத்திமரத்தடி எழுதியது:
ஐயா, ஒரே ஒரு கேள்வி. அப்படி ஒரு வீட்டுக்குப் போய் அப்பத்தைக் கொடுப்பதை ஆராதனையின் பகுதி என்பீர்களா, ஆராதனை முடிந்தபின் செய்யும் ஊழியம் என்பீர்களா?

திண்ணைவாசகர் எழுதியது:
பகுதி என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே அப்பம் அல்லவா? எங்கள் போதகரிடம் இந்த வாரமே இதைப் பேசுகிறேன். ஆனால் வேலையிடத்தில் நேர்மையாக இருப்பதையும் அதே பெயரால் அழைக்க இன்னும் தயங்குகிறேன். என் ஏழு ஆண்டுகளை நான் மறக்கவில்லை.