கோ மொழியில் மெத்தடுக்குத் தனி டைப் பராமீட்டர் வேண்டுமா?

கோடுகிறுக்கன்: 2022 மார்ச்சில் கோ புரோகிராமிங் மொழியின் 1.18 பதிப்பு ஜெனரிக்ஸோடு வந்தது. அதாவது, டைப் (எண், எழுத்து போன்ற தரவு வகை) இருக்க வேண்டிய இடத்தில் டைப் பராமீட்டர் என்ற பெயரை வைத்து, ஒரே கோடைப் பல டைப்புக்கு எழுதலாம். ஃபங்ஷனுக்கு டைப் பராமீட்டர் உண்டு, ஸ்ட்ரக்டுக்கும் உண்டு. ஒரு டைப்போடு ஒட்டிய ஃபங்ஷனான மெத்தடுக்கு மட்டும் சொந்தமாக வைக்க அனுமதி இல்லை என்று விட்டார்கள். நான் டி என்ற டைப் பராமீட்டரோடு லிஸ்ட் ஒன்று எழுதினேன். வேண்டியதை மட்டும் பொறுக்கும் ஃபில்டர் மெத்தடாகவே அமைந்துவிட்டது. டி உள்ளே போய் டி-யே வெளியே வருகிறது. ஒவ்வொன்றையும் வேறொன்றாக மாற்றும் மேப்புக்கு யு என்ற இன்னொரு டைப் வேண்டும், அதை அறிவிக்க இடமே இல்லை. தனி ஃபங்ஷனாக எழுதி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, உள்ளிருந்து வெளியே வாசிக்க வேண்டியிருக்கிறது. அரைகுறை வேலை.

பழையகம்பைலர்: தெரிந்தேதான் விட்டார்கள். இயான் லான்ஸ் டெய்லரும் ராபர்ட் கிரீஸமரும் எழுதிய முன்மொழிவிலேயே காரணம் இருக்கிறது. இந்த மொழியில் ஒரு டைப் இன்ன இன்டர்ஃபேஸுக்குப் (தேவையான மெத்தட்களின் பட்டியல்) பொருந்தும் என்று எங்கும் எழுதிவைப்பதில்லை. மெத்தட் ஒத்துப்போனால் போதும். அந்தச் சோதனை புரோகிராம் ஓடும்போதும் நடக்கும். ஒரு பேக்கேஜில் உங்கள் லிஸ்ட். அதை இம்போர்ட்டே செய்யாத இன்னொரு பேக்கேஜ் எந்த டைப்பையும் ஏற்கும் வெறும் எனி-யாக வாங்கி, "இன்ட் கொடுத்தால் ஸ்ட்ரிங் தரும் மேப் உன்னிடம் உண்டா?" என்று கேட்கிறது. அந்த மேப்புக்கான மெஷின் கோடை யார், எப்போது உருவாக்குவது? கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கரா?

கோடுகிறுக்கன்: ரஸ்ட் மொழியில் முடிகிறதே! அங்கே ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டரின் மேப் ஜெனரிக் மெத்தட்தான்.

பழையகம்பைலர்: முடிகிறது, ஆனால் சும்மா இல்லை. ஜெனரிக் மெத்தட் உள்ள ட்ரெய்ட்டை (ரஸ்டில் இன்டர்ஃபேஸ் போன்றது) 'டின்' ஆக்கினால், அதாவது எந்த டைப் என்பதை ஓடும்போது பார்த்துக்கொள்ள விட்டால், கம்பைலர் மறுக்கும். 'செல்ஃப் சைஸ்டு' (டைப்பின் அளவு கம்பைல் செய்யும்போதே தெரிய வேண்டும்) என்ற நிபந்தனை போட்டு அந்த மெத்தடை விலக்கிவைத்தால்தான் விடும். நீங்கள் சொன்ன மேப்பே அப்படித்தான் இருக்கிறது. சி++ மொழியிலும் மெம்பர் டெம்ப்ளேட்டை (அங்குள்ள ஜெனரிக் மெத்தட்) விர்ச்சுவல் ஆக்க, அதாவது ஓடும்போது தேர்வாக விட, முடியாது. விர்ச்சுவல் மெத்தட்களின் முகவரிப் பட்டியலான விடேபிளில் எத்தனை இடம் ஒதுக்குவது என்று யாருக்குத் தெரியும்?

நைட்ஷிஃப்ட்: நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். வேகத்துக்காக ஜெனரிக் கேட்பவர்கள் கவனிக்க: கோ கம்பைலர் எல்லா பாயின்டர் (நினைவக முகவரி) டைப்புக்கும் ஒரே கோடு போட்டு, கூடவே டைப் விவரம் அடங்கிய ஒரு டிக்ஷனரியை அனுப்புகிறது. டி வழியாக மெத்தடைக் கூப்பிட்டால் டிக்ஷனரியைச் சுற்றித்தான் போகும், அதனால் வேகம் பெரிதாகக் கிடைக்காது.

கோடுகிறுக்கன்: எனக்கு வேகம் பிரச்சினை இல்லை, வாசிப்புதான். பழையகம்பைலர் சார், நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் சாதகம். ரஸ்டும் சி++உம் அடைத்தது ஓடும்போது தேர்வாகும் டைனமிக் வழியை மட்டும், மெத்தடை அல்ல. ஜெனரிக் மெத்தட் இன்டர்ஃபேஸ் பொருத்தத்தில் கணக்கில் வராது என்று ஒரே ஒரு விதி போதுமே?

பழையகம்பைலர்: சரி, போடலாம். அப்புறம் பெயரும் சிக்னேச்சரும் (வாங்கும், தரும் டைப்கள்) பொருந்தியும் இன்டர்ஃபேஸுக்குள் நுழையாத மெத்தட் வரும். புதிதாகக் கற்பவருக்கு அதை எப்படி விளக்குவீர்கள்?

கோடுகிறுக்கன்: கம்பைலர் பிழைச்செய்தியில் ஒரு வரி போதும். ரஸ்ட்காரர்கள் அப்படித்தான் கற்கிறார்கள்.

பழையகம்பைலர்: ரஸ்ட்காரர்களுக்குப் பொறுமை அதிகம். எனக்கு வெளியே ஒரு ஃபங்ஷன் போதும்.