உடம்புக்கும் ஒரு அற்றோணித் தத்துவம்

அற்றோணித் தத்துவம், அதாவது எங்களுக்காக முடிவெடுக்க இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கிற தாள் என்றால் வன்னியில் எங்களுக்குக் காணிதான் நினைவுக்கு வரும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து ஏ9 வீதியால் வெளிக்கிடுவதற்கு முன்பே, காணியைப் பார்க்கச் சொல்லி அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ ஒன்று எழுதிக் கொடுத்திருப்போம். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வருகிறவர்கள் உடம்புக்கும் ஒன்று எழுதலாம்: எங்களால் முடியாமல் போனால் வைத்தியம் பற்றி எங்களுக்காக முடிவெடுக்கப் பொறுப்பேற்கிறவரின் பெயரை எழுதிவைக்கிற தாள். பவர் ஒஃப் அற்றோணி ஃபோர் பேர்சனல் கெயார் என்பார்கள். சொத்துக்கு எழுதுவது வேறு, இது வேறு.

புதுக்குடியிருப்பிலிருந்து அம்மா வந்து ஆறு மாதத்தில் இந்தக் கதையை எடுத்தேன். "வந்து சூடு ஆறேல்ல, அதுக்குள்ள சாவைப் பற்றிக் கதைக்கிறியோ?" என்று ஏசினா. பாரிசவாதம் வந்து பேச்சு நின்றால், விபத்தில் நினைவு தப்பினால், வைத்தியர் யாரிடம் சம்மதம் கேட்பது? கேள்வி அவ்வளவுதான். நாங்களே விளங்கி முடிவெடுக்கக் கூடியதாக இருக்கும்வரை அந்தத் தாளுக்கு வேலை இல்லை.

எழுதாவிட்டால் சட்டம் வைத்திருக்கும் வரிசைப்படி போகும். முதலில் கணவன் அல்லது மனைவி, பிறகு பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே படியில், அதற்குப் பிறகு சகோதரர். ஊர் ஆஸ்பத்திரியில் வாங்கில் இருக்கிற கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் எழும்பிப் போய்க் கதைத்துவிட்டு வருவார். இங்கே மூத்தது, கடைக்குட்டி என்ற பேச்சே இல்லை. பிள்ளைகளில் ஒருவர் கிளிநொச்சியில், ஒருவர் பாரிஸில், இருவர் இங்கே ஸ்காபறோவில் என்றாலும் நாலு பேருக்கும் ஒரே உரிமை. அவர்கள் ஒத்துவராவிட்டால் முடிவை பப்ளிக் கார்டியன் அன்ட் ட்ரஸ்டீ என்ற அரச அலுவலகம் எடுக்கும்.

எங்கள் அக்காமார் சிலருக்கு இந்த வரிசை இன்னும் சிக்கல். 2009இல் காணாமல் போன கணவன் கடதாசியில் கணவன்தான். ஆனால் தொடர்புகொள்ளக் கூடியவரைத்தான் சட்டம் கேட்கிறது. பிள்ளைகளுக்கு 16 வயது ஆகவில்லை என்றால் அவர்களும் சொல்ல முடியாது. பெற்றோரும் இல்லாவிட்டால் கேள்வி ஒட்டுசுட்டானில் இருக்கிற தம்பிக்குப் போகும். தொலைபேசியில் சம்மதம் சொன்னாலும் செல்லும்தான். ஆனால் கோடைகாலத்தில் இங்கே பின்னேரம் நாலு மணி என்றால் அங்கே சாமம் ஒன்றரை. நித்திரையால் எழும்பி, காணாத ஒரு வைத்தியருக்கு அந்தத் தம்பி என்ன சொல்வான்? பக்கத்தில் இருக்கிற ஒரு சிநேகிதியின் பெயரை எழுதினால் வரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் முன்னால் அவ வந்துவிடுவா. சொந்தமாக இருக்கவேண்டும் என்றில்லை.

16 வயது ஆன எவரும் எழுதலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, மாகாண அரசே படிவத்தை இலவசமாகத் தருகிறது. நான் பிழைவிட்டது சாட்சியில். இருவர் வேண்டும், இருவருக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும். எழுதுகிறவரின் கணவன், மனைவி, பிள்ளை, பொறுப்பேற்கிறவர், அவருடைய துணை, இவர்கள் யாரும் சாட்சியாக முடியாது. அம்மா என் பெயரை எழுத, என் கணவர் சாட்சி வைத்துவிட்டார். திரும்ப எழுதினோம். பிறகு வேலையிடத்துப் பெண்கள் இருவர் வந்து கையெழுத்து வைத்தார்கள், தோசை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தாளைவிட முக்கியம் கதைப்பது. அவசரம் தவிர்ந்த நேரத்தில் வைத்தியர் பொறுப்பேற்றவரைத்தான் கேட்பார். அவர் நீங்கள் முன்பு சொன்ன விருப்பத்தின்படி நடக்கவேண்டும். வாயால் சொன்னதும் கணக்கு, ஆகக் கடைசியாகச் சொன்னதே நிற்கும். ஏன் அண்ணாவை விட்டுவிட்டு என்னைப் போட்டீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன். "அவன் அழுதுகொண்டு நிப்பான். நீ டொக்டரைக் கேள்வி கேப்பாய்" என்றா. அண்ணாவுக்கும் அன்றிரவே தொலைபேசியில் தானே சொல்லிவிட்டா.

இன்னொன்று. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டாம் என்று இதில் எழுதினாலும், வீட்டுக்கு வரும் அம்புலன்ஸ்காரருக்கு அது போதாது. அதற்கு வைத்தியரோ தாதியோ கையெழுத்திட்ட தனிப் படிவம் உண்டு, குடும்ப வைத்தியரைக் கேளுங்கள்.