கொடுத்த பிறகு கயிறு யார் கையில்?

தொடங்கியவர்: நூலடுக்கு

ஒன்றைக் கேட்பதற்கே தமிழில் மூன்று சொல் உண்டு. தாழ்ந்தவர் ‘ஈ’ என்பார், ஒத்தவர் ‘தா’ என்பார், உயர்ந்தவர் ‘கொடு’ என்பார் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. கொடை என்று பேச்செடுத்ததுமே யார் மேலே, யார் கீழே என்பதும் கூடவே வந்து நிற்கிறது. அரசியலிலும் பொதுவாழ்விலும் நீங்கள் கண்டறிந்த கொடைகளைச் சொல்லுங்கள். தொகையைவிட, கொடுத்த பின் கயிறு, அதாவது கட்டுப்பாடு, யார் கையில் இருந்தது என்பதைச் சொன்னால் பயன்படும்.

முதலில், அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் எழுந்த கார்னகி நூலகங்கள். 1883 முதல் 1929 வரை உலகெங்கும் 2,509. பணம் பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான். இடத்தை ஊர் தர வேண்டும். கொடைத்தொகையில் 10 விழுக்காட்டை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்கவும் வேண்டும். அதாவது 10,000 டாலர் வாங்கிய ஊர் ஆண்டுக்கு 1,000 டாலர் எடுத்து வைக்க வேண்டும். இது கெடுபிடி போலத் தோன்றும். ஆனால் நூலகம் ஊருடையதாக நின்றது இந்த நிபந்தனையால்தான். ஒப்புக்கொண்ட 10 விழுக்காட்டை ஒதுக்காத ஊர்களில் கட்டடம் இருந்தது, புது நூல்கள் வரவில்லை.

உரிமம்_பார்ப்பவர்

காப்புரிமையில் பலர் தவறாக நினைக்கும் ஒன்று: பதிவு செய்யாமல் விட்டுவிடுவதுதான் தாராளம் என்பது. விட்டுவிட்டால் வேறொருவர் சிறு மாற்றம் செய்து பதிந்து பூட்டிவிடலாம். இன்சுலினைக் கண்டவர்கள் அதனால்தான் பதிந்துவிட்டுக் கொடுத்தார்கள். 1923-இல் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு 1 டாலருக்கு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் கொடைக்கும் எல்லை இருந்தது. பின்னாளில் மாற்றியமைக்கப்பட்ட இன்சுலின் வகைகளுக்குப் புதிய காப்புரிமைகள் வந்தன. பழைய எழுத்து அவற்றைக் கட்டவில்லை.

இணைய வலை (World Wide Web) பிறந்த ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன், 1993 ஏப்ரல் 30 அன்று அதற்கான மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது. பின்னர் வந்த வெளியீட்டைத் திறந்த உரிமத்தோடு தந்தது. பொதுவுக்கு ஒன்றைத் தருபவர்கள் இந்த இரண்டாம் படியைக் கவனிக்க வேண்டும். வாயால் “எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

குருதிப்பை

பேரிடர் நாளில் குருதி கொடுக்க வரிசை நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு நிறையும். அந்த வரிசையிலேயே ஒரு சிக்கலும் நிற்கிறது. சிவப்பணுக்களைக் குளிரில் அதிகபட்சம் 42 நாள் வைக்கலாம். தட்டணுக்கள் பொதுவாக 5 நாள்தான். கொடுத்தவர் மறுபடி கொடுக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரே நாளில் எல்லோரும் கொடுத்தால் மிஞ்சியது காலாவதியாகும். ஆறு வாரம் கழித்துத் தேவைப்படும்போது கொடுக்கத் தகுதியுள்ளவர் குறைந்திருப்பார். பெயரும் பிரிவும் எழுதிக்கொடுத்துவிட்டு, அழைக்கும் நாளில் வாருங்கள். யாரும் படம் எடுக்காத நாளாக அது இருக்கும். குருதி வங்கிக்கு அந்த நாள்தான் முக்கியம்.

கிடங்குச்சாவி

மேலே சொன்னது நிவாரணத்துக்கும் அப்படியே பொருந்தும். கலந்து கட்டிய பழந்துணி மூட்டைதான் பெரிய தொல்லை. அளவு பிரிக்க ஆள் வேண்டும். நனைந்தால் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடித்து மூட்டை முழுவதும் போகும். அது அடைத்த இடத்தில் குடிநீர் இறக்க முடியாது. அனுப்புமுன் என்ன, எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருள். வெளியே இரண்டு பக்கமும் பொருள், அளவு, எண்ணிக்கை. ஒருவர் தூக்கும் எடைக்கு மேல் வேண்டாம். மருந்து என்றால், போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலக்கெடு மிச்சமிருக்க வேண்டும், பெறுபவர்களுக்குப் புரியும் மொழியில் பெயர் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கேட்காமல் அனுப்புவதைவிடப் பணமாகத் தருவது மேல்.

மேடைக்குறிப்பு

பணமே இல்லாத கொடை: தேர்தலில் தோற்றவரின் பேச்சு. முதலில் வென்றவருக்குத் தொலைபேசி, பிறகே மேடை. அவர் பெயர் முதல் சில வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். ‘ஆனால்’ கூடாது. தாமதித்தால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூட்டத்தின் கசப்பு கூடும். 2008 நவம்பர் 4 இரவு, அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவிடம் தோற்ற மெக்கெய்ன் ஃபீனிக்ஸ் நகரில் பேசினார். ஒபாமா பெயரைக் கேட்டதும் கூட்டம் கூச்சலிட்டது. மெக்கெய்ன் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். எழுதி வைத்த சொற்களைவிட அந்தக் கையைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கூட்டம் அவருடையது, அதை அடக்க அவரால் மட்டுமே முடியும்.

நூலடுக்கு

ஒன்று விட்டுப்போனது. 1847-இல் பஞ்சத்தில் தவித்த அயர்லாந்துக்கு அமெரிக்காவின் சோக்தா பழங்குடியினர் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அவர்களே தங்கள் மண்ணிலிருந்து துரத்தப்பட்டு அப்போது பதினாறு ஆண்டுதான் ஆகியிருந்தது. 2020 பெருந்தொற்றில் அயர்லாந்து மக்கள் அதை நினைத்துப் பணம் அனுப்பியது நவஹோ, ஹோப்பி என்ற வேறு இரு அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு. அயர்லாந்தின் மிடில்டன் ஊரில் சோக்தாக்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது: துருப்பிடிக்காத எஃகில் ஒன்பது கழுகு இறகுகள், வட்டமாக, வெற்றுக் கிண்ணம் போல.