டிரெய்னரில் மிதித்தால் மீட்டர் 0 காட்டுகிறது, என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி சவாரி:
வணக்கம். கத்திரி வெயிலுக்குப் பயந்து ஹைபிரிட் சைக்கிளை ஹாலில் டிரெய்னரில் மாட்டிவிட்டேன். காலை ஏழு மணிக்கே வேலூரில் ரோடு சுட ஆரம்பித்துவிடுகிறது, சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் வண்டிகள் வேறு. டிரெய்னர் பின் டயரை உருளையில் அழுத்தும் சாதா ரகம். காந்த பிரேக், 5 லெவல்.

ஹேண்டில்பாரில் இருப்பது வயர் வைத்த பழைய மீட்டர். அதன் காந்தம் முன் சக்கரக் கம்பியில் இருக்கிறது. முன் சக்கரம்தான் சுற்றுவதே இல்லையே! போனில் இருக்கும் ஜிபிஎஸ் ஆப்போ நான் இடத்தைவிட்டு நகரவே இல்லை என்கிறது. அதுவும் உண்மைதான்.

மழைக்காலம் முடிந்ததும் ஏலகிரி ஏறலாம் என்று ஆசை. தினம் எத்தனை கிலோமீட்டர், நிமிடத்துக்கு எத்தனை மிதி என்று தெரிந்தால் போதும். புது மீட்டர் வாங்கித்தான் ஆகணுமா?

குடியாத்தம் ரேடியோ:
தம்பி, பர்ஸைத் திறக்காதீங்க. அந்த மீட்டரே போதும்.

நான் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிறவன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காந்தத்துக்கு எதிரே வயர் முனையில் இருக்கும் சென்சாருக்குள் இருப்பது ரீட் சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடு, அவ்வளவுதான். காந்தம் கிட்டே வந்தால் ஒட்டும், போனால் பிரியும். எத்தனை தடவை ஒட்டியது என்று எண்ணி, டயர் சுற்றளவால் பெருக்கினால் தூரம். மீட்டருக்கு வேறு எதுவும் தெரியாது. அதனால் காந்தத்தையும் சென்சாரையும் பின் சக்கரத்துக்கு மாற்றிவிடுங்க. வயர் எட்டாவிட்டால் அதை வெட்டி, நடுவில் தேவையான நீளத்துக்கு ஏதாவது இரட்டை வயரைச் சேர்த்து சால்டர் வையுங்க. சுவிட்சுக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, மாற்றிக் கொடுத்தாலும் வேலை செய்யும். இரண்டு இணைப்புக்கும் தனித்தனியாக டேப் சுற்றணும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் மீட்டர் மறுபடியும் 0தான்.

சென்சாரை இடது பக்கம், பின் சக்கரத்தை ஒட்டி வரும் பிரேம் குழாயில் கட்டுங்க. வலது பக்கம் செயின் தொல்லை. காந்தத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். டிரெய்னரின் இரும்பில் இடிக்கிறதா என்று கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் மிதிங்க.

சுற்றளவை நீங்களே அளக்கலாம். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் டேப் பிடியுங்க. 700-32 டயர் என்றால் 2155 மில்லிமீட்டர் பக்கம் வரும். மீட்டரில் 26 அங்குல டயருக்கான 2050 பதிந்திருந்தால் நூற்றுக்கு ஐந்து குறைத்துக் காட்டும்.

கேடன்ஸுக்கு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை மிதி என்பதற்கு, ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இதே மாதிரி இன்னொரு பழைய மீட்டர் யாரிடமாவது தூங்கும், வாங்கிக்கொள்ளுங்க. காந்தத்தை பெடலைத் தாங்கும் கிராங்கின் உள்பக்கம் ஒட்டி, சென்சாரை எதிரே பிரேமில் கட்டி, சுற்றளவு 1667 என்று போடுங்க. நிமிடத்துக்கு 80 மிதி என்றால் வேகம் 8.0 என்று வரும், 92 என்றால் 9.2. புள்ளியை மறந்துவிட்டுப் படிக்க வேண்டியதுதான். கூடவே, அதில் ஒரு 'கிலோமீட்டர்' ஓடினால் 600 மிதி.

காட்பாடி பெடல்:
ரேடியோ அண்ணன் சொன்ன 1667 கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது! சால்டரிங் கம்பி பிடிக்கத் தெரியாதவர்கள் கிராங்கில் கட்டும் புளூடூத் சென்சார் வாங்கலாம். காந்தமே வேண்டாம், 2032 பட்டன் பேட்டரியில் ஓடும். சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அதுவே ஸ்பீடு சென்சாராக மாறும், அப்போது பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் கட்டணும்.

ஆனால் தம்பி, டிரெய்னர் கிலோமீட்டரை நம்பி ஏலகிரிக்குக் கிளம்பாதீங்க. முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்று வையுங்கள். ஒரு மிதிக்குச் சக்கரம் மூன்று சுற்று. 80 கேடன்ஸில் உங்கள் டயருக்கு மணிக்கு 31 கிலோமீட்டர். லெவல் 1-இல் வைத்தாலும் 31, லெவல் 5-இல் மூச்சு வாங்கினாலும் அதே 31தான். ரோட்டில் அந்த வேகத்தில் நம் சக்தியில் பெரும்பகுதியைக் காற்று தின்னும். ஹாலில் எதிர்க்காற்று ஏது? எனக்குத் தூரம் என்பது டைரியில் எழுதிச் சந்தோஷப்பட மட்டும்தான். லெவல், கேடன்ஸ், நிமிடம், இந்த மூன்றையும் எழுதுங்கள். டயர் காற்றும் உருளையை இறுக்கும் திருகும் தினமும் ஒரே அளவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் நேற்றைய லெவல் 3 வேறு, இன்றைய லெவல் 3 வேறு.

பொன்னேரியில் மலை ரோடு ஆரம்பித்தால் 14 கொண்டை ஊசி வளைவு. நம் ஹைபிரிட் கியருக்கு கேடன்ஸ் 60க்கு இறங்கிவிடும். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது லெவல் 5-இல் 60, 65 பிடித்து பத்துப் பத்து நிமிடமாக மிதியுங்கள். மற்ற நாள் லேசான லெவலில் 85, 90. ஃபேன் நேர் எதிரே இருக்கட்டும். மே மாத மதியத்தில் ஃபேன் இல்லாமல் மிதித்தால் அதே கேடன்ஸுக்கு நாடித்துடிப்பு எங்கேயோ போய் நிற்கும்.

சத்துவாச்சாரி சவாரி:
ரொம்ப நன்றிண்ணா, நன்றிக்கா. வயர் நீட்டியாச்சு, பின் சக்கரத்தில் மீட்டர் ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பையனின் பழைய மீட்டரைக் கிராங்கில் கட்டினேன். அதில்தான் ஒரு சிக்கல்: நிதானமாக மிதிக்கும்போதே 8.0 திடீரென்று 16.0 ஆகிறது, அப்புறம் தானாக இறங்குகிறது. அதனுடைய காந்தம் தொலைந்துபோனதால் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த துண்டை ஒட்டியிருக்கிறேன்.

குடியாத்தம் ரேடியோ:
ஸ்பீக்கர் காந்தம் இதற்கு ரொம்பப் பெரிசுபா. ஒரே தடவை கடக்கும்போது சுவிட்ச் இரண்டு முறை ஒட்டுகிறது, அதுதான் சரியாக இரட்டிப்பு. சென்சாரை இன்னும் சில மில்லிமீட்டர் தள்ளிக் கட்டிப் பாருங்க. அப்படியும் தாவினால் காந்தத்தைக் கால் சுற்று திருப்பி ஒட்டுங்க. நிறுத்துக் கடிகாரம் வைத்து வலது முட்டியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் மீட்டரோடு ஒத்துப்போகணும். ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் விட்டுவிடுங்க.