மொனாஸ்டர்பாய்ஸ் சிலுவையும் இரண்டு பூனைகளும்

அயர்லாந்தில் ட்ரோஹடாவுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். சாயங்காலம் கொஞ்சம் நேரம் கிடைத்தது. எட்டு கிலோமீட்டர்தான் என்றார்கள். மொனாஸ்டர்பாய்ஸ் மடத்துக்குப் போய்விட்டேன். ஒரு கல்லறைத் தோட்டம், மொட்டையாக நிற்கும் வட்டக் கோபுரம், நடுவே முய்ரெதாக் சிலுவை. ஐந்தரை மீட்டர் உயர மணற்கல். உச்சியில் ஓடு வேய்ந்த சின்ன வீடு போல ஒரு மூடி.

செப்டம்பர் கடைசி. மேற்கு முகத்தில் வெயில் சாய்வாக விழுந்து, ஆயிரம் ஆண்டு மழையில் மழுங்கிய உருவங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நடுவில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு. கீழே அவரைக் கைது செய்யும் காட்சி. பிடித்திருக்கும் வீரர்களுக்கு நீள மீசை. இயேசுவின் மேலாடையை ஓர் ஊசி வளையம் பிடித்து நிற்கிறது, அந்தக் காலத்து அயர்லாந்துப் பெருமக்கள் அணிந்தது போலவே. செதுக்கியவன் தன் ஊர் மனிதர்களைத்தான் செதுக்கியிருக்கிறான்.

அப்புறம் மண்டியிட்டு அடிப்பக்கம் பார்த்தேன். இரண்டு பூனைகள்! ஒன்று குட்டியை அணைத்துக்கொண்டு, மற்றொன்று ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு. அவற்றைச் சுற்றி ஐரிஷ் எழுத்து: 'இந்தச் சிலுவையைச் செய்வித்த முய்ரெதாக்குக்காக ஒரு வேண்டுதல்.' 923-இல் இறந்த மடத்தலைவர்தான் இவர் என்பார்கள். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் கேட்டவருக்குத் தராமல் எழுந்திருக்க மனம் வரவில்லை. அவர் பெயரைச் சொல்லி, மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கிழக்கு முகம் நிழலில் இருந்தது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன், இறுதித் தீர்ப்பு தெளிந்தது. அதிதூதர் மிக்கேல் ஆன்மாக்களை எடை போட, தராசுக்குக் கீழே கிடக்கும் சாத்தான் தட்டை இழுக்கப் பார்க்கிறான். போகிறவர்கள் டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், எல்லாம் தட்டையாகத் தெரியும்.

---

உங்கள் பதிவைப் படித்தேன். நான் மொனாஸ்டர்பாய்ஸ் போனது நண்பகல், மழை மூட்டம். பூனைகளைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது, வருத்தமாக இருக்கிறது.

எனக்கு மனதில் நிற்பது ஷானன் ஆற்றங்கரையில் க்ளோன்மெக்னாய்ஸ் மடத்தின் வேதாகமச் சிலுவை. அதன் அடியிலும் வேண்டுதல்தான், ஃபிளான் மன்னருக்கும் மடத்தலைவர் கோல்மனுக்கும். மழை அரிக்காமலிருக்க மூலத்தைக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே நிற்பது நகல். உள்ளே ஒரு காட்சியில் இருவர் சேர்ந்து ஒரு கம்பை நடுகிறார்கள். மடத்தை நிறுவிய துறவி கியரனும் அவருக்கு உதவிய மன்னரும் என்பார்கள். கம்பில் நாலு கைகளும் மேலும் கீழுமாக அடுக்கியிருப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொனாஸ்டர்பாய்ஸ் இன்னொரு முறை போக வேண்டும். இந்தத் தடவை மாலையில்.